அரை அடி தாமதம்

பெயர் விஸ்னெல் எஸ்டிமே. வயது பதினேழு. இருப்பது ஃப்ளோரிடாவில், ஒகீச்சோபி ஏரிக்குத் தெற்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு தெரிகிற ஓர் ஊரில், சித்தப்பா வீட்டு முன்னறை சோபாவில். அம்மா மிர்லாண்ட் இருப்பது ஹெய்ட்டியில், கேப் ஹெய்ஷனில். நடுவே கடல். கடலுக்கு மேலே தினமும் பத்துப் பதினைந்து குரல் செய்திகள் போவதும் வருவதுமாக இருக்கும்.

விஸ்னெலுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கும் முந்திக்கொள்வது. எட்டு மணிப் பேருந்துக்கு ஏழு மணிக்கே போய் நிற்பான். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவான். பாதி நேரம் அது வேறொரு கேள்விக்கான பதிலாக இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரி "உனக்கு..." என்று வாயெடுத்ததுமே "பதினாறு" என்றான். அவர் கேட்க வந்தது, தண்ணீர் வேண்டுமா என்று.

புது ஊருக்கு வந்தவன். கொஞ்சம் பிந்தினால் கிடைத்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவனுக்கு எப்போதும் ஒரு பயம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். விஸ்னெலுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூட அணியில் அவனுக்கு வைத்திருந்த பெயர் அலாரம்.

கேப்பில் காலால் உதைக்கிற பந்து ஆடி வளர்ந்தவன், இங்கே வந்ததும் அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லுகிற, கையால் பிடிக்கிற பந்துக்கு மாறினான். அவன் ஆடுகிற இடத்துக்குக் கார்னர் என்று பெயர். எதிரணியில் ஒருத்தன் பந்து பிடிக்க ஓடுவான். அவனை நிழல்போல ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஓடுகிறவனுக்குத் தான் எங்கே திரும்பப்போகிறோம் என்று தெரியும். கார்னருக்குத் தெரியாது. போதாக்குறைக்குக் கார்னர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருப்பான். ஊரில் பாதிப் பேர் ஒருகாலத்தில் கார்னராக ஆடியவர்கள். மீதிப் பேர் தாங்களும் ஆடியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அதனால் வெள்ளிக்கிழமை ஒரு கார்னர் தப்பு செய்தால், சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போகிற கடையில்கூட அவனுக்குத் திருத்தம் சொல்லுவார்கள்.

அக்டோபர் கடைசி வாரம், திங்கட்கிழமை. வழக்கமாக ஆடுகிற கார்னருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடற்கரைப் பள்ளியோடு ஆட்டம். காலியான இடத்துக்கு இரண்டே பேர்: விஸ்னெல், பீனட்.

பீனட் என்பது பட்டப்பெயர். ஆள் வேர்க்கடலை அளவெல்லாம் இல்லை; மூட்டை அளவு இருப்பான். நடக்கும்போது தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும்.

கார்னர்களைப் பழக்குகிறவர் கேடி கோச். பகலில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பார், மாலையில் கார்னர்களுக்குப் பின்பக்கமாக ஓடக் கற்றுக்கொடுப்பார். இரண்டு வேலையிலும் உயிர்பயம் ஒன்றுதான் என்பார். அன்று ஐந்து கூம்புகளை ரம்பப் பல்போல முன்னும் பின்னுமாக வைத்தார். பின்பக்கமாக ஓடி, கூம்பு வந்ததும் காலை ஊன்றி, முன்னால் பாய்ந்து, அடுத்த கூம்பில் மறுபடி பின்னால். கையில் ஸ்டாப்வாட்ச்.

விஸ்னெல் ஓடியபோது கரிசல் மண் தெறித்தது. கூம்பு வருவதற்குள்ளேயே அவன் இடுப்பு திரும்பிவிடும். எது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே மனப்பாடம் செய்திருந்தான். கோச் வாட்சைப் பார்த்தார், குலுக்கினார், மறுபடி பார்த்தார். இந்த வருடத்தில் அதுதான் ஆகக் குறைந்த நேரம்.

அடுத்து பீனட். அவன் மூன்றாவது கூம்பைத் தாண்டும்போது டெமெட்ரிக் குரல் கொடுத்தான். டெமெட்ரிக்தான் அணியில் பந்து பிடிக்கிறவர்களில் முதல் ஆள், வாய்க்கும் முதல் ஆள்.

"கோச், கையில வாட்ச்சா, காலண்டரா?"

"வாய மூடுறா. உன் முறை வரும்போது கணக்குப் பாக்கிறேன்."

"இல்ல கோச், பீனட் வந்து சேரறதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துரும். எங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வரணும்."

பீனட் கோபப்படவில்லை. வந்து சேர்ந்து, மூச்சு வாங்காமல், பையிலிருந்து வேகவைத்த கடலையை எடுத்துத் தின்றான்.

இதற்கு மேல் என்ன முடிவு வேண்டும்? விஸ்னெல் உடைமாற்றும் அறைக்குள்ளே போனதும் போனை வாயருகே வைத்தான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணி ஆட்டத்துல நான்தான் கார்னர். நம்பர் முப்பத்தொண்ணு. நெட்ல நேரடியா காட்டுவாங்க. பாரு."

கோச் இன்னும் வாயே திறக்கவில்லை. விஸ்னெல் முந்திக்கொண்டான்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. பின்னணியில் கோழியும் மோட்டார் சைக்கிளும்.

"தம்பி, பக்கத்து யோலெட் அக்கா வீட்டுல கரண்ட் போனாலும் ஓடுற பெரிய பேட்டரி இருக்குல்ல, அங்கதான் பாக்கப்போறோம். தெருவுக்கே சொல்லிட்டேன். பாஸ்டர் வர்றேன்னுட்டாரு. பன்னிக்கறி வறுத்து, சோறு பொங்கறதா யோலெட் அக்கா சொல்லிட்டா. நீ நல்லா சாப்பிட்டியா?"

செவ்வாய்க்கிழமை ஒத்தைக்கு ஒத்தை. கூம்பெல்லாம் ஓரமாகப் போய்விட்டது. எதிரில் டெமெட்ரிக். பந்து எறிகிறவன் ஒருத்தன். நடுவில் யாரும் உதவிக்கு வர மாட்டார்கள்.

முதல் தடவை டெமெட்ரிக் நேராக வந்தான். இடது தோளை லேசாக ஆட்டினான். உள்ளே போகப்போகிறான் என்று விஸ்னெல் உள்ளே திரும்பினான். டெமெட்ரிக் வெளியே போய், பந்தைப் பிடித்து, அதைக் குழந்தைபோல் தாலாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

இரண்டாவது தடவை, இந்தமுறை வெளியேதான் என்று விஸ்னெல் வெளியே திரும்பினான். டெமெட்ரிக் உள்ளே போனான்.

மூன்றாவது தடவை டெமெட்ரிக் ஒன்றுமே செய்யவில்லை. நேராக ஓடினான். விஸ்னெல் மட்டும் தன்பாட்டுக்கு உள்ளே திரும்பி, தப்பென்று தெரிந்து வெளியே திரும்பி, தன் காலே தன் காலைத் தடுக்கிக் குப்புற விழுந்தான்.

"அலாரம்," டெமெட்ரிக் குனிந்து கேட்டான், "நீ யார் கூட ஆடிக்கிட்டிருக்க? நான் இங்கல்ல இருக்கேன்."

கேடி கோச் அருகில் வந்து நின்றார்.

"எதப் பாத்துத் திரும்பின?"

"உள்ள போவான்னு நெனச்சேன் கோச்."

"அவனே இன்னும் முடிவு பண்ணல. அதுக்குள்ள நீ முடிவு பண்ணிட்டியா? சிக்னல் மாறும் மாறும்னு நெனச்சு வண்டிய எடுத்தா என்ன ஆகும், சொல்லு."

"இடிக்கும் கோச்."

"என் கார்லயே ஒருத்தன் இடிச்சான். இடுப்பப் பாருடா. தலை பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். இடுப்பு எங்க போகுதோ அங்கதான் ஆள் போகணும்."

அடுத்து பீனட் வந்து நின்றான். டெமெட்ரிக் தோளை ஆட்டினான், தலையை ஆட்டினான், கையை ஆட்டினான். பீனட் எதற்கும் மசியவில்லை. டெமெட்ரிக் காலை ஊன்றிய பிறகு, அப்போதுதான் எழுந்தவன்போல, அந்தப் பக்கம் போனான். பந்து வந்தபோது அவன் கையும் அங்கே இருந்தது.

"நாளைக்கு ஒருதடவ பாத்துட்டுப் பேரச் சொல்றேன்," என்று கோச் விசிலை ஊதினார்.

விஸ்னெலுக்கு அம்மா அனுப்பிய செய்திதான் நினைவில் ஓடியது. கேப்பில் ஒரு தெருவே சோறு பொங்கக் காத்திருக்கிறது. நாளை சாயங்காலம் கோச் வாயிலிருந்து பீனட் என்ற பெயர் வந்தால், பாஸ்டர் உட்பட அத்தனை பேரும் வந்து உட்கார்ந்து, முப்பத்தொன்று எங்கே முப்பத்தொன்று எங்கே என்று தேடுவார்கள். அம்மா எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்போதுதான் தெற்கே புகை எழுந்தது. அறுவடைக்கு முன்னால் கரும்பின் காய்ந்த இலையான சோகையை எரிப்பார்கள். பையன்கள் அத்தனை பேர் தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. தீ உள்ளே நகர நகர, முயல்கள் வெளியே ஓடிவரும். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் அவற்றைக் கையால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, கம்பு கிடையாது.

டெமெட்ரிக்கின் இரட்டைச் சகோதரி கியாரா பழைய வேன் ஒன்றை வேலியோரம் நிறுத்தி ஹாரன் அடித்தாள். பள்ளியில் பெண்கள் அணியும் உண்டு. அவர்கள் ஆட்டத்தில் ஆளைக் கீழே தள்ள மாட்டார்கள், இடுப்பில் தொங்குகிற கொடியைப் பிடுங்குவார்கள். கியாரா பக்கத்தில் நடந்துபோனாலே பையன்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

"அலாரம், ஏறு."

"நான் வரல. தீ பக்கம் போகமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தீக்குள்ள யார் போறா? முயலே வெளிய வருது, உனக்கென்ன? மூணு தடவ விழுந்தவன் மாதிரி மூஞ்ச வெச்சிருக்க."

"ஒரு தடவதான் விழுந்தேன்."

"டெமெட்ரிக் மூணுங்கறான். ஏறு."

வயல் ஓரத்து மண்பாதையில் முப்பது பேராவது இருந்தார்கள். சோகை வெடிக்கிற சத்தம். தலையில், தோளில், உதட்டில் கரித்தூள் விழுந்தது. முதல் முயல் பாய்ந்து வந்தபோது விஸ்னெல்தான் முதலில் ஓடினான். அது வலப்பக்கம் வளையும் என்று வலப்பக்கம் போய் நின்றான். அது இடப்பக்கம் போனது. இரண்டாவது முயலுக்கு இடப்பக்கம் போய் நின்றான். அது நேரே வந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போனது. மூன்றாவதைத் துரத்திக்கொண்டு போய்ப் பாசனக் கால்வாயில் இடுப்புவரை இறங்கினான்.

கியாரா அதற்குள் இரண்டு பிடித்துவிட்டாள். அவள் ஓடியதையே யாரும் பார்க்கவில்லை. நடந்தாள், நின்றாள், திடீரென்று குனிந்தாள், நிமிரும்போது கையில் முயல்.

"எப்படி?" கால்வாயிலிருந்து ஏறியபடி விஸ்னெல் கேட்டான்.

"நீ எப்படிப் பிடிக்காம விட்டன்னு சொல்லட்டுமா? முயல் ஓடி வருது. உன்னப் பாக்குது. நீ ஒரு பக்கம் சாயற. அது அடுத்த பக்கம் போகுது. நீ துரத்தல, வழி காட்டற. போலீஸ்காரன் ரோட்டுல நின்னு கைகாட்டற மாதிரி."

"முன்னாடியே போகலன்னா விட்டுருமே."

"முன்னாடி போனாத்தான் விட்டுருது. பாத்தல்ல? அது திரும்பணும்னா பின்னங்கால ஒருதடவ மண்ணுல ஊனணும். ஊனிட்டா அப்புறம் அதாலயும் மாத்த முடியாது. அதுவரைக்கும் சும்மா நில்லு."

"சும்மாவா?"

"சும்மா. உன்னால முடியுமா பாரு."

முடியவில்லை. சும்மா நிற்பதைப்போல் கஷ்டமான வேலையை விஸ்னெல் அதுவரை செய்ததில்லை. முயல் நெருங்க நெருங்கக் கால் தானாக அரித்தது. பின்னங்கழுத்தில் யாரோ தள்ளுவதுபோல் இருந்தது. நான்காவது முயலுக்கும் சாய்ந்துவிட்டான். ஐந்தாவதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். முயல் வந்தது. தலையை இப்படி ஆட்டியது, அப்படி ஆட்டியது. விஸ்னெல் நின்றான். பின்னங்கால் கரிசலில் புதைந்து கொஞ்சம் மண் எகிறியது. அப்போது பாய்ந்தான்.

முயல் போய்விட்டது. ஆனால் கையில் ஒரு பிடி ரோமம் இருந்தது. இன்னும் சூடாக.

கியாரா அதை எட்டிப் பார்த்தாள்.

"அரை அடி. பரவால்ல. இவ்வளவு நாள்ல நீ மொத முறையா லேட்டா போயிருக்க."

வேனில் திரும்பும்போது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்காமல் விட்டால் பயந்துவிடுவாள். எடுத்தான்.

"என்னடா முகமெல்லாம் கறுப்பு?"

"அது ஆட்டக்காரங்க கண்ணுக்குக் கீழ பூசுவாங்கமா. வெளிச்சம் கூசாம இருக்க."

"மூக்குலயும் பூசுவாங்களா?"

"மூக்கும் கூசும்மா."

"காதுல?"

பின் சீட்டில் டெமெட்ரிக் முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினான். ஹெய்ட்டிக்காரர்கள் பேசுகிற க்ரியோல் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் மாட்டிக்கொண்டவன் குரல் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

புதன்கிழமை. ரோமத்தை ஒரு காகிதத்தில் மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டான். ஒத்தைக்கு ஒத்தை, ஆளுக்கு ஐந்து முறை.

முதல் முறை நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். அளவுக்கு மீறி நின்றுவிட்டான். டெமெட்ரிக் அவனைத் தாண்டிப்போய்ப் பந்தைப் பிடித்து, திரும்பிக் கையசைத்தான். "உயிரோட இருக்கியாடா?"

இரண்டாவது முறை பழைய வியாதி. தோளைப் பார்த்தான், திரும்பினான், போச்சு.

மூன்றாவது முறை டெமெட்ரிக்கின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று முடிவுசெய்தான். இடுப்புக்கட்டு ஒன்றை மட்டும் பார்த்தான். அது நேராக வந்தது. மேலே தலை என்னென்னவோ ஆடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் யாரோ போ போ என்றார்கள். போகவில்லை. இடுப்பு தாழ்ந்தது, வலதுகால் புல்லில் ஊன்றியது. விஸ்னெல் தன் காலை ஊன்றித் திரும்பினான். அரை அடி பின்னால்தான் இருந்தான், ஆனால் ஓட்டத்தில் அவன் வேகம் அந்த அரை அடியை விழுங்கிவிட்டது. விரல் நுனியில் பந்து பட்டுத் தெறித்தது.

நான்காவதும் அப்படியே. ஐந்தாவது முறை டெமெட்ரிக் பந்தைப் பிடித்தான், ஆனால் தாலாட்டவில்லை. மூச்சு வாங்கியபடி வந்தான்.

"நேத்து வந்த அலாரம் எங்க? அவன எனக்குப் பிடிச்சிருந்துது."

பீனட் ஐந்தில் நான்கைத் தடுத்தான்.

கேடி கோச் இருவரையும் கூப்பிட்டார். "பீனட், நீ ஆரம்பிக்கற. விஸ்னெல், நீ ரெண்டாவது. நேத்துக்கு இன்னைக்கு நீ வேற ஆளு, அத நான் பாத்தேன். ஆனா நாலு பெருசா, ரெண்டு பெருசா?"

"நாலு கோச்."

"கேள்விய முடிக்க விட்டுப் பதில் சொல்லிட்டியே. அதுவே முன்னேற்றம்தான்."

அன்று சித்தப்பா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து போனை வாயருகே கொண்டுபோனான். "அம்மா, மழை வந்தா ஆட்டம்..." அழித்தான். "அம்மா, கோச்சுக்குத் திடீர்னு..." அழித்தான். "அம்மா, நெட் சரியில்லன்னு சொல்றாங்க..." அதையும் அழித்தான். உள்ளேயிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். அவர் சோளக் கிடங்கில் வேலை முடித்து வந்து, இரண்டு கால்களையும் வாளித் தண்ணீரில் விட்டிருந்தார்.

"என்னடா, ரேடியோவுக்குப் பேசற மாதிரி பேசிப் பேசி நிறுத்தற?"

"அம்மாகிட்ட ஒண்ணு முன்னாடியே சொல்லிட்டேன் சித்தப்பா. அது நடக்கல."

"உங்க அம்மா முன்னாடியே சொன்னதெல்லாம் அப்படியே நடந்துச்சா என்ன? சொல்லு. ஆனா மழைய இழுக்காத, இங்க வானம் சுத்தமா இருக்குன்னு போன்ல பாத்துருவா."

நான்காவது முறை அழிக்கவில்லை.

"அம்மா, நான் முந்திக்கிட்டேன். கோச் பேரச் சொல்றதுக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லிட்டேன். பீனட்னு ஒருத்தன் ஆடறான். நான் ரெண்டாவது ஆள். ஒருவேள உள்ள போகவே மாட்டேன். யோலெட் அக்காகிட்ட, பாஸ்டர்கிட்ட நீயே சொல்லிரு. மன்னிச்சுக்கோ."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்த்திப் பார்த்தான். மறுபடி கவிழ்த்தான். இப்படிப் பன்னிரண்டு முறை. பதிமூன்றாவதற்குப் பதில் இருந்தது.

"பன்னிய வெட்டியாச்சுடா. இனி அத ஒட்ட வைக்க முடியாது. ரெண்டாவது ஆளையும் பாக்கறோம். எங்க நிப்ப, ஓரமாவா? ஓரத்தையும் காட்டுவாங்கல்ல?"

வெள்ளிக்கிழமை விளக்கெல்லாம் எரிய, கடற்கரைப் பள்ளி நீலச் சட்டையில் வந்து இறங்கியது. விஸ்னெல் ஓரக்கோட்டில், கேமரா இருக்கும் என்று தான் நினைத்த இடத்தில் நின்றான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஹெல்மெட்டைப் போட்டு வாரையும் பூட்டிக்கொண்டான். மற்ற இரண்டாம் ஆட்களெல்லாம் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜூஸ் குடித்தார்கள்.

"தலை வேகலையா?" ஒருத்தன் கேட்டான்.

"வேகுது."

"கழட்டேன்."

"வேண்டாம்."

முதல் பாதி போயிற்று. பீனட் தூங்கினபடியே எல்லாவற்றையும் தடுத்தான். நான்கு பகுதி ஆட்டத்தில் மூன்றாவதும் போயிற்று. இவர்கள் நான்கு புள்ளி முன்னால். நான்காம் பகுதியில், ஆறு நிமிடம் இருக்கும்போது, நீலச் சட்டைகள் மளமளவென்று முன்னேறி, பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி கிடைக்கிற கோட்டுக்கு இருபது கெஜம்வரை வந்துவிட்டார்கள். அடுத்த மோதலில் ஒரு பெரும் குவியல். குவியலுக்குள்ளிருந்து ஒரு ஹெல்மெட் மட்டும் உருண்டு வந்தது. பீனட்டின் ஹெல்மெட். கொஞ்சம் தள்ளி பீனட்டின் மொட்டைத் தலை, ஒன்றும் ஆகாத முகத்தோடு.

ஆடும்போது ஹெல்மெட் கழன்றால், பந்து அடுத்து ஒருமுறை ஆடி முடியும்வரை அவன் வெளியே நிற்க வேண்டும். அது விதி. கெஞ்சினாலும் நடுவர் விட மாட்டார்.

"விஸ்..." என்று கோச் வாயெடுத்தார். விஸ்னெல் அதற்குள் மைதானத்துக்குள் இருந்தான். அந்த ஒரு தடவை மட்டும் அவன் முந்தினதில் யாருக்கும் வருத்தமில்லை.

எதிரில் நீலச் சட்டை பதினொன்று. உயரமான பையன், பல்லில் தங்க உறை. விஸ்னெலின் சுத்தமான சட்டையைப் பார்த்தான். அதில் ஒரு புல்கறை இல்லை. அப்படியே திரும்பிப் பந்து எறிகிறவனைப் பார்த்துத் தன் தொடையை இரண்டு தட்டுத் தட்டினான். புதுசு வந்திருக்கு, இங்கேயே எறி என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரிந்த அர்த்தம்தான்.

"புதுப்பையா, பேரென்ன?" பதினொன்று கேட்டான்.

விஸ்னெல் பதில் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அதுவே சாதனை.

பந்து கிளம்பியது. பதினொன்று நேராக வந்தான். விஸ்னெல் பின்பக்கமாக ஓடினான். தலை உள்ளே பார்த்தது. தோள் உள்ளே சாய்ந்தது. ஒரு கை உள்ளே நீண்டது. கூட்டம் கத்தியது, அதில் பாதி ஊரும் உள்ளே உள்ளே என்றுதான் கத்தியது. வயிற்றுக்குள்ளிருந்தவன் போ போ போ என்றான். நாக்கில் ரத்தம் கரித்தது. இடுப்பு இன்னும் நேராகத்தான் இருந்தது.

பிறகு இடுப்பு தாழ்ந்தது. இடதுகால் ஊன்றியது. புல் ஒரு பிடி எகிறியது.

வெளியே.

விஸ்னெல் அரை அடி தாமதமாகத் திரும்பினான். பந்து ஏற்கெனவே காற்றில் இருந்தது. கோட்டின் மூலையில் பதினொன்றின் இரண்டு கைகளும் விரிந்திருந்தன. அந்த இரண்டு கைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கை நுழைந்தது. பந்து விரலில் பட்டு, தங்கப்பல் பையனின் மார்பில் பட்டு, வெளியே போய் ஒரு தண்ணீர்க் குடுவையைச் சாய்த்தது.

அவ்வளவுதான். பந்து பிடிபடவில்லை என்று நடுவர் கையை விரித்துக் காட்டினார். பீனட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்து வந்தான். எதிரே வருகிற விஸ்னெலிடம், "தேங்க்ஸ். கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிட்டேன்," என்றான். விஸ்னெல் வெளியே போனான். மொத்தம் ஆறு விநாடி. கேடி கோச் அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி, வேறு யாரையோ திட்டப் போய்விட்டார். வேலியோரம் நின்ற கியாரா தலைமேல் இரண்டு விரலை முயல் காதாக வைத்து ஆட்டிக் காட்டினாள். நீலச் சட்டைகளுக்கு அப்புறம் வாய்ப்பே வரவில்லை. ஆட்டம் இவர்களுக்குத்தான்.

போனை எடுக்க ஓடினான். சட்டைகூட மாற்றவில்லை. அம்மாவின் குரல் செய்தி ஒன்று இருந்தது. நான்கு நிமிட நீளம். முதல் இரண்டு நிமிடம் வெறும் கூச்சல். பாத்திரம் தட்டுகிற சத்தம், யாரோ நாற்காலியிலிருந்து விழுகிற சத்தம், பாஸ்டர் பாடுகிற சத்தம். அப்புறம் அம்மா.

"பாத்தோம்டா, பாத்தோம். முப்பத்தொண்ணு. யோலெட் அக்கா அழுதுட்டா. ஆனா தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தத் தங்கப்பல்லுக்காரன் திரும்பினதுக்கு அப்புறம்தான் நீ திரும்பின. எல்லாரும் பாத்துட்டாங்க. உனக்கு எப்பவும் சுறுசுறுப்பு அதிகம்னு நான் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். பையன் அங்க போய் மந்தமாயிட்டானோன்னு பாஸ்டர் கேக்கறாரு. சரியா தூங்கறியா? அடுத்த தடவ கொஞ்சம் சீக்கிரம் போடா."

விஸ்னெல் மூன்று குரல் செய்தி அனுப்பிப் பார்த்தான். இடுப்பு என்று சொன்னால் இடுப்பு வலியா என்று கேட்கிறாள். காத்திருந்தேன் என்றால் யாருக்காக என்கிறாள். முயலை வைத்து விளக்கலாம்தான். விளக்கினால் தீப் பக்கம் போனது தெரிந்துவிடும்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேப் ஹெய்ஷன் பக்கம் போகிறவர்கள் இருந்தால், பெரிய பேட்டரி வைத்திருக்கும் யோலெட் அக்கா வீட்டைக் கேட்டு, பக்கத்து வீட்டில் மிர்லாண்டைப் பார்த்து, அவர் மகன் மந்தமாகவில்லை, வேண்டுமென்றேதான் அரை அடி பிந்திப் போனான் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். முயலைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம்.